மீட்டரைப் படிக்காதது யார்? பாக்கியைக் கட்டுவது யார்?

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை 180 ரூபாய் கட்டிவரும் ஒரு வீட்டிற்கு, எதிர்பாராத ஒரு நாளில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு மின் கட்டணம் கேட்கப்படுகிறது. விசாரித்தால், முந்தைய தவணைகளில் கணக்கெடுக்க ஆள் வரவில்லை, சராசரிக் கணக்குப் போடப்பட்டிருந்தது, இப்போதுதான் உண்மையான ரீடிங் எடுக்கப்பட்டது என்பார்கள். அல்லது தணிக்கையில் குறைவு கண்டுபிடிக்கப்பட்டது என்பார்கள். அல்லது பழைய மீட்டர் ஓடவில்லை, புதிய மீட்டரின் கணக்கைக் கொண்டு பழைய மாதங்களுக்கும் மதிப்பிட்டுள்ளோம் என்பார்கள். காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றே. குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும். இல்லையேல் இணைப்புத் துண்டிக்கப்படும்.

சங்ககிரி வட்டாரத்தில் இந்தக் கேட்பு எத்தகைய வீடுகளில் வந்து விழுகிறது என்பதை வைத்தே இதன் எடையை அளக்க வேண்டும். லாரிப் பட்டறைக் கூலி, விசைத்தறிக் கூலி, கட்டட வேலை, நூறு நாள் வேலை ஆகியவற்றை நம்பிக் காலம் தள்ளும் அருந்ததியர், ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் இரண்டாயிரம் ரூபாய் என்பது சில நாள் உழைப்பு. சேமிப்பில் இல்லாத அந்தத் தொகை கந்துக்கடனாகவோ, தறி முதலாளியிடம் வாங்கும் முன்பணமாகவோதான் வரும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துத் தறித்தொழிலாளர் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு, அந்த முன்பணம் ஒரு குடும்பத்தை எத்தனை ஆண்டுகள் கட்டிப்போடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் செய்யத் தவறிய வேலைக்கு இன்னொருவர் கடன்படுகிறார் என்பதே இங்குள்ள சிக்கல். சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது, எங்கே மௌனம் காக்கிறது, அந்த மௌனத்தை எப்படி உடைப்பது என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பொறுப்பு யாருடையது?

முதல் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55-வது பிரிவு, சரியான மீட்டர் வழியாகவே மின்சாரம் வழங்கப்பட வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2006-ல் வெளியிட்ட மீட்டர் ஒழுங்குமுறைகள், நுகர்வோர் மீட்டரின் அளவுகளைப் பதிவுசெய்வது, அவற்றைப் பாதுகாத்து வைப்பது, சரிபார்ப்பது ஆகிய மூன்றும் மின் வழங்கும் உரிமதாரரின் பொறுப்பு என்கின்றன. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் மீட்டரை அது இருக்கும் இடத்திலேயே சோதிக்க வேண்டும் என்பதும் அந்த ஒழுங்குமுறைகளில் உள்ளது. தமிழ்நாட்டில் அந்த உரிமதாரர், நாம் பழக்கத்தால் மின்வாரியம் என்றே அழைக்கும் நிறுவனம். 2010-ல் டான்ஜெட்கோவாகி, 2024-ல் மீண்டும் பிரிக்கப்பட்டு, இன்று தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகமாக இருக்கிறது.

மத்திய அரசு 2020 டிசம்பர் 31 அன்று அறிவிக்கை செய்த மின் நுகர்வோர் உரிமைகள் விதிகள் இன்னும் விரிவானவை. ஒவ்வொரு கட்டணச் சுழற்சியிலும் ஒருமுறையாவது மீட்டரைப் படிக்க வேண்டும். வீடு பூட்டியிருந்து தொடர்ந்து இருமுறை படிக்க இயலாமல் போனால், நுகர்வோர் தமது மீட்டரைத் தேதியுடன் படமெடுத்துப் பதிவுசெய்த கைப்பேசியிலிருந்து அனுப்பலாம். உத்தேசப் பட்டியல் ஒரு நிதியாண்டில் இரண்டு சுழற்சிகளைத் தாண்டக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற அசாதாரணச் சூழல் எதுவும் இல்லாமல், தொடர்ச்சியாக இரண்டு சுழற்சிகளுக்கு மேல் உத்தேசப் பட்டியலே வந்தால், உண்மை ரீடிங்கின்படி பட்டியல் தரும்வரை நுகர்வோர் பணம் கட்ட மறுக்கலாம். அறுபது நாட்களோ அதற்கு மேலோ தாமதமாகப் பட்டியல் வந்தால் தள்ளுபடி தர வேண்டும்.

படிப்பது அவர்கள் கடமை என்பதில் ஐயமில்லை. கடமை தவறியதன் விலை யார் தலையில் விழுகிறது என்ற இடத்தில்தான் சட்டம் வழுக்குகிறது.

தாமதமே அபராதமாகும் கணக்கு

பயன்படுத்திய மின்சாரத்துக்குத்தானே பணம் கேட்கிறார்கள், அதில் என்ன அநியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு யூனிட்டின் விலை எப்போதும் ஒன்றாக இருந்தால் இந்தக் கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இங்கே வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு முறையில் ஏறுகிறது. அந்தப் படிக்கட்டு இரண்டு மாதம் என்ற கால அளவின்மீது கட்டப்பட்டிருக்கிறது.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன்பின் விகிதம் உயர்ந்திருந்தாலும் கணக்கின் தர்க்கம் அதுவே. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதங்களில் 500 யூனிட்டுக்குள் பயன்படுத்துவோருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 2.25 ரூபாய்ச் சலுகையே மறைந்து, 101-லிருந்தே 4.50 ரூபாய் கணக்காகும். 501 முதல் 600 வரை 8 ரூபாய். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டும் வீடு, 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய் கட்ட வேண்டும். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இப்போது இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் செலவழிக்கும் சிறு வீட்டைப் பார்ப்போம். இரண்டு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டர். ஒவ்வொரு தவணையும் இலவசம் போக 80 யூனிட்டுக்கு 180 ரூபாய். மூன்று தவணைகளுக்கு 540 ரூபாய். அதே மூன்று தவணைகளும் படிக்கப்படாமல் விடப்பட்டு, 540 யூனிட்டும் பிரிக்கப்படாமல் ஒரே பட்டியலில் ஏற்றப்பட்டால் தொகை 2,270 ரூபாய். மின்சாரம் அதே மின்சாரம்தான். விலை நான்கு மடங்குக்கு மேல். கூடுதலாக வந்த 1,730 ரூபாய் மின்சாரத்தின் விலையாகாது, தாமதத்தின் விலை. மூன்றுமுறை கிடைத்திருக்க வேண்டிய 100 யூனிட் இலவசம் ஒருமுறையாகச் சுருங்கிவிட்டது. ஏழை வீட்டுக்கென்று அரசு தந்த சலுகை, அரசு நிறுவனத்தின் தவறாலேயே ஏழை வீட்டிலிருந்து பிடுங்கப்படுகிறது.

மாதக்கணக்கில் தவறவிட வேண்டும் என்பதுகூட இல்லை. நாளொன்றுக்கு 8 யூனிட் செலவாகும் கோடைக்கால வீட்டில், 60-ம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட்டுக்கு 1,605 ரூபாய். பத்து நாள் தள்ளி எடுத்தால் 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய். அடுத்தமுறை 50 நாளில் படித்தால் சரியாகிவிடுமே என்பார்கள். அந்த 400 யூனிட்டுக்கு 1,125 ரூபாய். இரண்டு தவணைக்கும் சேர்த்து 3,555 ரூபாய். ஒழுங்காகப் படித்திருந்தால் 3,210 ரூபாய். அடுத்த தவணையில் நாள் குறைந்தபோதும் 345 ரூபாய் திரும்பி வரவில்லை.

2020 கற்றுத் தந்தது

இப்பிரச்சினை மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்த ஆண்டு 2020. மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் கணக்கெடுப்பு நின்றது. முந்தைய தவணையின் தொகையையே கட்டுமாறு வாரியம் கேட்டுக்கொண்டது. பின்னர் ரீடிங் எடுக்கப்பட்டபோது, நான்கு மாத யூனிட்டுகளை இரண்டு தவணைகளாகச் சமமாகப் பிரித்து, இரண்டுக்கும் இலவச யூனிட்டுகளையும் படிநிலைகளையும் கணக்கிட்டு, ஏற்கெனவே கட்டிய தொகையைக் கழித்தார்கள். தொகையைக் கழிக்கக் கூடாது, யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று நுகர்வோர் தரப்பில் வாதிடப்பட்டது. வேலையும் வருமானமும் இல்லாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவர்களுக்குக் கோடை மாதங்களின் மின்செலவு பேரிடியாக இறங்கியது. அன்று எதிர்க்கட்சியாக இருந்த திமுக ஜூலை 21 அன்று வீடுகளின்முன் கறுப்புக்கொடி ஏற்றிப் போராடியது. வாரியத்தின் கணக்கீட்டு முறையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே மாதத்தில் தள்ளுபடி செய்தது.

வழக்கு தோற்றதை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த நிகழ்வுக்குள் இருக்கும் ஒப்புதலைக் கவனிக்கத் தவறிவிட்டோம். பல தவணை யூனிட்டுகளை ஒரே பட்டியலில் கொட்டக் கூடாது, தவணைவாரியாகப் பிரித்தே விலை போட வேண்டும் என்ற கொள்கையை வாரியமே அன்று தனது கணக்கீட்டு முறையாக முன்வைத்து, நீதிமன்றத்திலும் அதையே காத்து நின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் கோடிக்கணக்கான இணைப்புகளுக்குச் செய்ய முடிந்ததை, கணக்கெடுக்க ஆள் வராத ஒரு தெருவுக்குச் செய்ய முடியாது என்று இன்று எந்த அலுவலரும் சொல்ல இயலாது.

2021 சட்டமன்றத் தேர்தலில் மாதந்தோறும் கணக்கெடுப்பு என்பதைத் திமுக வாக்குறுதியாகவே தந்தது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகே அது சாத்தியம் என்பது பின்னர் ஆட்சியிலிருந்தோர் தந்த விளக்கம். அந்த மீட்டர்களுக்கான ஒப்பந்தப்புள்ளியோ, அதானி குழுமத்தின் விலை அதிகம் என்ற நிலையில் 2024 இறுதியில் ரத்துசெய்யப்பட்டது.

இரண்டு தீர்ப்புகள்

பழைய பாக்கியை எத்தனை ஆண்டுகள் பின்னோக்கிப் போய்க் கேட்கலாம்? 1910-ம் ஆண்டு மின்சாரச் சட்டம், மீட்டர் பழுது குறித்த தகராறை மின் ஆய்வாளரிடம் ஒப்படைத்து, மதிப்பீடு ஆறு மாதங்களைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் இருந்த அந்த வரம்பு 2003-ம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அதற்குப் பதிலாக 56(2) பிரிவு வந்தது. ஒரு தொகை முதன்முதலில் செலுத்தத்தக்கதான நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குப் பின், அது தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டு வந்தாலொழிய, வசூலிக்க முடியாது. இணைப்பைத் துண்டிக்கவும் கூடாது என்கிறது அப்பிரிவு.

முதன்முதலில் செலுத்தத்தக்கதான நாள் எது? மின்சாரத்தைப் பயன்படுத்திய நாளா, பட்டியல் கொடுக்கப்பட்ட நாளா? அஜ்மீர் வித்யுத் வித்ரண் நிகம் எதிர் ரஹமத்துல்லா கான் வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. பயன்படுத்தியவுடன் பொறுப்பு பிறக்கிறது. ஆனால் பட்டியல் தரப்பட்ட பின்னரே அது செலுத்தத்தக்கதாகிறது. அந்த வழக்கில் 2009 முதல் 2011 வரை தவறான கட்டண வகையில் பட்டியல் போட்ட நிறுவனம், 2014-ல் கூடுதல் தொகை கேட்டது. இரண்டாண்டுக்குப் பிறகும் வேறு சட்டவழிகளில் அத்தொகையைக் கோரலாம், ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்கும் வற்புறுத்தலைக் கையாளக் கூடாது என்றது நீதிமன்றம்.

2021 அக்டோபரில் வந்த பிரேம் காட்டெக்ஸ் வழக்கு நுகர்வோருக்குப் பாதகமானது. ஒரு தொழிற்சாலைக்குப் பெருக்கல் காரணியைத் தவறாகப் போட்டு, ஆண்டுக்கணக்கில் பாதித் தொகையே வசூலித்துவந்த நிறுவனம், பின்னர் மீதியைக் கேட்டது. தவறுதலாக விடுபட்ட கட்டணத்தைப் பின்னர் கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது என்றும், 56(2) பிரிவு அதற்குத் தடையல்ல என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கும் சட்ட மாணவர்கள், இரண்டிலும் பேசப்படாத ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவறு நுகர்வோருடையது அல்ல என்பது இரண்டு வழக்கிலும் தெளிவு. தவறு செய்தவர் அதற்காக எதையும் இழக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இரண்டிலும் விடையில்லை. பிரேம் காட்டெக்ஸ் ஒரு தொழிற்சாலையின் வழக்கு. கணக்காளரும் வழக்கறிஞரும் வைத்திருக்கும் ஆலைக்கும், இணைப்பு எண் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும் தொகுப்பு வீட்டுக்கும் ஒரே அளவுகோலைப் பொருத்துவது நியாயமாகாது. அரசமைப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு கூறும் சமத்துவத்துக்குச் சமமற்றோரைச் சமமாக நடத்துவது என்று பொருளில்லை.

பிரிட்டனில் இந்த இடைவெளியை ஒழுங்குமுறை ஆணையமே அடைத்துவிட்டது. 2018 மே முதல், பன்னிரண்டு மாதங்களுக்கு முன் பயன்படுத்தப்பட்டு, நிறுவனத்தின் தவறால் பட்டியலிடப்படாமல் போன மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் வீட்டு நுகர்வோரிடம் பணம் கேட்க முடியாது. நுகர்வோரே தடை ஏற்படுத்தியிருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. கேட்கும் உரிமைக்குக் காலவரம்பு வந்ததும், நேரத்தோடு படிக்கும் அக்கறை நிறுவனங்களுக்குத் தானாக வந்துதீர வேண்டியிருக்கிறது.

குடியிருப்புகளில் இது எப்படி வேறாகிறது

இந்தச் சிக்கல் எல்லாச் சாதியினருக்கும் உள்ளதுதானே, இதில் தலித் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்கப்படலாம். மூன்று இடங்களில் வருகிறது.

ஒன்று, குடிசை மின் இணைப்பு. தமிழ்நாட்டில் குடிசைகளுக்கு மீட்டர் இல்லாத இலவச இணைப்பு வழங்கப்பட்டு, அதற்கான தொகையை அரசே மானியமாகச் செலுத்தி வந்திருக்கிறது. சேரிகளுக்கு வெளிச்சம் கொண்டுவந்ததில் அதன் பங்கு பெரிது. ஆனால் குடிசை இருந்த இடத்தில் அரசுத் திட்டத்தின்கீழ் கான்கிரீட் வீடு எழும்போது, அந்த இணைப்பு வீட்டுக் கட்டண வகைக்கு மாற்றப்பட வேண்டும். வீட்டைக் கட்டித் தருவது ஓர் அரசுத் துறை, இணைப்பை மாற்ற வேண்டியது வேறொரு நிறுவனம். இரண்டுக்கும் நடுவே தகவல் போய்ச் சேராவிட்டால், ஆண்டுகள் கழித்து வரும் ஆய்வில் அந்தக் குடும்பம் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியதாகிவிடும். 126-வது பிரிவின்கீழ் அனுமதியற்ற பயன்பாடு என்று மதிப்பிட்டால் கட்டணம் இரு மடங்கு; காலத்தைக் கண்டறிய முடியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்கும் கணக்கிடலாம்.

இரண்டு, வாடகை. தறிக்கூடங்களை ஒட்டிய லைன் வீடுகளில் இணைப்பு முதலாளியின் பெயரில் இருக்கும். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வழக்கத்தில், 100 யூனிட் இலவசம் குடியிருப்பவரின் கைக்கு வருவதில்லை. பாக்கிக் கேட்பு வந்தால் மட்டும் அது வாசல்வாசலாகப் பங்கிடப்படும். சட்டத்தின் கண்ணில் நுகர்வோராகவே இல்லாத அந்தக் குடும்பம், கேள்வி கேட்டால் வீட்டோடு வேலையையும் இழக்கும்.

மூன்று, அலுவலகத்துக்கும் தெருவுக்கும் உள்ள தூரம். ஊர்த்தெருக்காரர் உதவிப் பொறியாளரிடம் கைப்பேசியில் பேசி முடித்துக்கொள்ளும் ஒன்றுக்காக, குடியிருப்பிலிருந்து போகும் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் வெள்ளை அட்டையில் கணக்கீட்டாளர் எழுதிவிட்டுப் போவார். பிழை இருந்தால் படிக்கத் தெரிந்த பிள்ளை கண்டுபிடித்துவிடும். குறுஞ்செய்தி அந்த இடத்தைப் பிடித்த பிறகு, செய்தி போகும் எண் யாருடையது என்பதே பல வீடுகளில் தெரியாது.

இதைச் சொல்லும்போது கணக்கீட்டாளர்களை எதிரிகளாக நிறுத்துவது நம் நோக்கமல்ல. நிரப்பப்படாத பணியிடங்களின் சுமையையும் சேர்த்துச் சுமந்து, வெயிலில் தெருத்தெருவாக நடப்பவர்களும் தொழிலாளர்களே. ஆளெடுக்காத நிர்வாகத்தின் பிழை, ஒரு முனையில் அவர்கள் முதுகிலும் மறுமுனையில் நம் வீட்டிலும் விழுகிறது.

மின்சாரம் ஏழைகளுக்குரிய பொதுச்சொத்து என்ற கருத்துக்கு நம் மரபில் ஆழமான வேர் உண்டு. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. போருக்குப் பிந்தைய மின்வளர்ச்சிக்கான கொள்கைக் குழுவுக்கு 1943-ல் தலைமை ஏற்ற அவர், மலிவான, தடையற்ற மின்சாரம் இல்லாமல் தொழில்மயமாக்கம் இல்லை, அது இல்லாமல் இந்நாட்டு மக்களுக்கு வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தார். சென்னை உயர் நீதிமன்றமும் 2013-ல் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியருக்கு எதிரான ஒரு வழக்கில், மின்சாரம் கிடைப்பதை மனித உரிமையாகவே கொள்ள வேண்டும் என்றும், அது மறுக்கப்படுவது பிள்ளைகளின் கல்வியைப் பாதிக்கிறது என்றும் கூறியது. மாலை ஆறு மணிக்கு மேல் புத்தகம் எடுக்கும் முதல் தலைமுறை மாணவியின் வீட்டில் பியூஸைப் பிடுங்குவது, வெறும் கடன் வசூல் நடவடிக்கையாக முடிந்துவிடுவதில்லை.

கேட்பு வந்தால் செய்ய வேண்டியவை

முதலில் அந்தத் தாளில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். 126 என்றிருந்தால் பாதை வேறு. தற்காலிக மதிப்பீட்டுக்கு ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இறுதி ஆணை வந்தபின் 30 நாட்களுக்குள், மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டி, 127-வது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்ய வேண்டும். வாரியத்தின் பிழையால் வந்த குறைவை அனுமதியற்ற பயன்பாடு என்று எழுதியிருந்தால், அந்தப் பெயரிடுதலையே முதலில் எதிர்க்க வேண்டும்.

மற்ற கேட்புகளுக்கு எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, தொடக்க ரீடிங் என்ன, முடிவு ரீடிங் என்ன, தவணைவாரியாகப் பிரித்தார்களா, மீட்டர் பழுது என்றால் சோதனை அறிக்கை எங்கே என்று வரிசையாகக் கேட்க வேண்டும். தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின் 11-வது ஒழுங்குமுறை, பழுதான மீட்டருக்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறது. ஆனால் பயன்பாட்டுச் சூழல் மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. குளிர்கால மாதங்களுக்குக் கோடைக்காலச் சராசரியைப் போட்டிருந்தால் எதிர்க்க இடமுண்டு.

அதே தொகுப்பின் 12-வது ஒழுங்குமுறையில் ஒரு கண்ணி இருக்கிறது. கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே புகார் தந்தால் அந்த நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று சொல்லும் அவ்விதி, தொகை தவறு என்ற காரணத்துக்காக எந்தப் பகுதியையும் கட்டாமல் நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. அலுவலகத்தில் இந்த வரியைத்தான் காட்டுவார்கள். நாம் காட்ட வேண்டியது தாய்ச் சட்டத்தின் 56(1) பிரிவின் காப்புரை. கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதங்களில் கட்டியதன் சராசரியில் கணக்கிட்ட தொகை, இரண்டில் எது குறைவோ அதை எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. சட்டத்துக்கு முரணாக விதித்தொகுப்பு நிற்க இயலாது. துண்டிப்பதற்கு முன் முழுமையான 15 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்புத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

தீர்வு கிடைக்காவிட்டால், 42-வது பிரிவின்கீழ் அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதற்கும் மேலே சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளர். இரண்டிலும் வழக்கறிஞர் இல்லாமலே வாதிடலாம்.

கோர வேண்டியவை

தனித்தனி வீடுகளின் புகார்களால் தீரக்கூடியது அல்ல இது. விதித்தொகுப்பைத் திருத்தும் அதிகாரம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் இருக்கிறது. அதன்முன் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

1. நுகர்வோரின் தவறு இல்லாத எந்தப் பாக்கிக் கேட்பும் வீட்டு இணைப்புகளுக்குப் பன்னிரண்டு மாதங்களைத் தாண்டக் கூடாது. 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கும் குடிசைகளுக்கும் அது ஆறு மாதமாக இருக்க வேண்டும்.

2. ரீடிங் தாமதமானால், நாட்கணக்கில் பிரித்து, ஒவ்வொரு சுழற்சிக்கும் உரிய இலவச யூனிட்டுகளையும் படிநிலைகளையும் தந்தே கணக்கிட வேண்டும். 2020-ல் வாரியமே கையாண்ட கொள்கை நிரந்தர விதியாக வேண்டும்.

3. எத்தனை மாதம் பிழை நீடித்ததோ அத்தனை மாதத் தவணைகளில், வட்டியில்லாமல் கட்ட உரிமை வேண்டும். அத்தொகைக்காகத் துண்டிப்பு கூடாது.

4. கேட்புக் கடிதம் காரணம், காலம், ரீடிங், சட்டப்பிரிவு, மேல்முறையீட்டு வழி ஆகியவற்றுடன் தமிழில் நேரில் தரப்பட வேண்டும்.

5. வாரியத்தின் கண்காணிப்புப் பொறியாளரே தலைமையேற்கும் குறைதீர் மன்றத்தில், பிழை செய்த நிறுவனமே நீதிபதியாக அமர்கிறது. தலைமை சுதந்திரமானவரிடம் போக வேண்டும். 2020 விதிகள் சொல்வதுபோல் உட்கோட்டம், கோட்டம் அளவில் மன்றங்கள் அமைந்து, அவற்றின் நுகர்வோர் உறுப்பினர்களில் தலித் பிரதிநிதித்துவம் உறுதியாக வேண்டும்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இவையெல்லாம் தேவைப்படாது என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. மனிதர் மறந்த ரீடிங் குறையலாம். தவறான கட்டண வகை, தணிக்கைக் குறைவு, பழைய பாக்கி ஆகியவை அப்படியே இருக்கும். அது முன்பணம் செலுத்தும் மீட்டராகவும் மாறினால், 15 நாள் அறிவிப்பு என்ற கடைசிப் பாதுகாப்பும் இருப்புத் தொகை தீர்ந்த நொடியில் கரைந்துவிடும். விதிகளை இப்போதே எழுதிக்கொள்ளாவிட்டால், பின்னர் எழுத வாய்ப்பிருக்காது.

கல்லூரி மாணவர்களால் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊரின் மின் பிரிவு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு அனுப்புங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் ஊர்த்தெருக்களிலும் தலித் குடியிருப்பிலும் ஒவ்வொரு தவணையும் ரீடிங் எடுக்கப்பட்ட தேதிகள், உத்தேசப் பட்டியல் போடப்பட்ட இணைப்புகளின் எண்ணிக்கை, பாக்கிக் கேட்பு அனுப்பப்பட்ட இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தெருவாரியாகக் கேளுங்கள். தனிநபர் விவரம் என்று மறுக்க வழிவிடாமல், பெயர்களைக் கேட்காதீர்கள்; தேதியும் எண்ணிக்கையும் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஊருக்கும் குடியிருப்புக்கும் இடையே கணக்கெடுப்பில் வேறுபாடு இருக்கிறதா இல்லையா என்பதை அந்தப் பட்டியல் காட்டிவிடும். இருக்கிறதென்றால், ஆணையத்தின் முன்பும் உயர் நீதிமன்றத்தின் முன்பும் வைப்பதற்கு அதைவிட வலுவான ஆவணம் நமக்கு வேண்டியதில்லை.